ரோலர் கோஸ்டர் வரிசையும் நம் கடை வரிசையும்



சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து நம் உறுப்பினர்கள் பலரது வீட்டில் பிள்ளைகளின் நச்சரிப்பு அதிகமாகியிருக்கிறது. அங்கே 'தஞ்சோரா' என்று ஒரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, கால்கள் அந்தரத்தில் தொங்க, ஆளைச் சுழற்றி எடுத்துப் போகும் வகையைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மாபிலார்ட் நிறுவனம் செய்தது. அந்த நிறுவனத்தின் இவ்வகை வண்டி இந்தியாவுக்கு வந்தது இதுவே முதல் முறை.

நான் எழுத வந்தது சவாரியைப் பற்றி அல்ல. அதற்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பற்றி. எந்த நாட்டுப் பூங்காவானாலும், புதிதாக ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் வந்துவிட்டால் இரண்டு நிமிடச் சவாரிக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்பது சாதாரணம். கேட்டால் "கூட்டம் ஜாஸ்தி, என்ன செய்வது" என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நம் கடையில் நாமும் இதே பதிலைத்தான் சொல்கிறோம். கூட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி கவுண்டருக்கு உள்பக்கம் இருக்கிறது என்பது என் கருத்து. இதை ரோலர் கோஸ்டரைப் போலப் பளிச்சென்று காட்டும் தொழிலை நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாம் விநாடிக் கணக்கு.

அரை நிமிடத்தின் விலை

1992-ல் அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் இந்தத் தொங்கு வகையின் முதல் வண்டி ஓடத் தொடங்கியது. பெயர் 'பேட்மேன் தி ரைடு'. நான்கு நான்கு பேராக எட்டுப் பெட்டி. ஆக ஒரு வண்டிக்கு 32 இருக்கை. இந்த 32-ஐ வைத்தே கணக்குப் போடுவோம்.

ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பினால் மணிக்கு 40 வண்டி, 1,280 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 30 வண்டி, 960 பேர். மூன்று நிமிடம் ஆகிவிட்டால் 20 வண்டி, 640 பேர். முதலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் அரை நிமிடம்தான். ஆனால் பத்து மணி நேரம் ஓடும் ஒரு நாளில் அந்த அரை நிமிடம் 3,200 பேரைத் தின்றுவிடுகிறது. வண்டியின் வேகத்துக்கோ உயரத்துக்கோ இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை இருக்கை, எத்தனை விநாடிக்கு ஒரு வண்டி, இரண்டே எண்கள்தான்.

காத்திருக்கும் நேரமும் இதிலிருந்தே வருகிறது. நமக்கு முன்னால் 640 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். வண்டி ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பினால் அரை மணியில் நம் முறை வரும். மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் அதே 640 பேருக்கு ஒரு மணி நேரம். வரிசையின் நீளம் ஒன்றே. காத்திருப்பு இரண்டு மடங்கு. நிற்பவர் எண்ணிக்கை, வேலை நடக்கும் வேகம், காத்திருக்கும் நேரம் இந்த மூன்றுக்கும் உள்ள உறவை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் முறைப்படி நிரூபித்து வைத்திருக்கிறார். நம் கல்லாவில் உட்கார்ந்த பெரியவர்கள் அதைப் படிக்காமலேயே கண்ணால் அளந்து "இன்னும் ஒரு ஆளைத் தராசுக்கு அனுப்பு" என்று சொன்னவர்கள்.

இன்னொன்று. காலியாகக் கிளம்பிப் போன இருக்கை திரும்ப வராது. இன்று விற்காத துவரம்பருப்பை நாளை விற்கலாம். காலி இருக்கை கீரைக்கட்டு மாதிரி. அந்தப் பொழுது போனால் போனதுதான். காலையில் பத்து மணிக்குக் கதவு திறந்ததும் எல்லோரும் புது வண்டியை நோக்கித்தான் ஓடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் விட்டதைச் சாயங்காலம் வண்டி சும்மா நிற்கும்போது பிடிக்க முடியாது. மாதத்தின் முதல் வாரத்தில் விட்ட வியாபாரத்தை இருபதாம் தேதி பிடிக்க முடியுமா?

விநாடிகள் எங்கே போகின்றன?

வண்டி ஓடும்போது விநாடி வீணாவதில்லை. பாதையில் அது எடுக்கும் நேரம் என்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வீணாவது பிளாட்பாரத்தில். இறங்குபவர் இறங்க வேண்டும். ஏறுபவர் பையை எதிர்ப்பக்கத்து அலமாரியில் வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, செல்போன், தொப்பி எல்லாம் கழற்ற வேண்டும். கால் தொங்கும் வண்டியில் செருப்பு ஒரு பெரிய பிரச்சினை. துப்பட்டாவை முடிந்துகொள்ளச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்று ஒரு பஞ்சாயத்து. பிறகு தோள் பிடிமானத்தை இறக்கி, ஊழியர் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்து, கட்டைவிரலைக் காட்டி, அதன் பிறகே பொத்தான்.

நம் கடையில் தராசு வேலை செய்ய எத்தனை விநாடி? மின்னணுத் தராசு கண் சிமிட்டும் நேரத்தில் எடை காட்டிவிடுகிறது. ஆனால் பையைத் திற, மூட்டையைச் சாய், சில்லறை தேடு, "இந்த அரிசி புதுசா பழசா" என்பதற்குப் பதில் சொல், செல்போனில் பணம் வந்ததா என்று பார். நேரம் போவது இங்கேதான்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் உள்ள யுனிவர்சல் பூங்காவில் 2021 ஜூனில் 'வெலாசிகோஸ்டர்' என்ற வண்டியைத் திறந்தார்கள். அதில் பைகளுக்கான பெட்டகங்களை இரண்டு பக்கமும் கதவு வைத்து வரிசையின் நடுவிலேயே அமைத்தார்கள். ஏறப் போகிறவர் ஒரு பக்கம் வைப்பார். சவாரி முடிந்து வருபவர் மறுபக்கம் எடுத்துக்கொள்வார். யாரும் யார் மீதும் மோதவில்லை, பிளாட்பாரத்தில் பையே இல்லை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலம் கட்டி அடுக்கி வைக்கிற கடைக்காரர் செய்வதும் இதே காரியம்தான். வரிசை சேர்ந்த பிறகு செய்யும் வேலையை வரிசை சேருவதற்கு முன்னால் நகர்த்திவிடுகிறார்.

மூன்றாவது வண்டி வாங்கினால் தீருமா?

வரிசை நீண்டதும் முதலாளிக்குத் தோன்றும் யோசனை, இன்னொரு வண்டி இறக்கு என்பது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரோலர் கோஸ்டர் பாதையை ரயில்வே சிக்னல் போலப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் உள்ளது காலி செய்தால்தான் பின்னால் உள்ளது நுழைய முடியும். ஆகவே பிளாட்பாரத்தில் ஏற்றும் வேலை மெதுவாக நடந்தால், சவாரி முடித்து வந்த வண்டி வெளியே பிரேக்கில் நிற்கும். அதில் உள்ளவர்கள் இறங்க இடமில்லாமல், பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இந்த நிலையில் இன்னொரு வண்டி சேர்த்தால் மணிக்கு ஒரு ஆள்கூடக் கூடுதலாகப் போக முடியாது. பிரேக்கில் நிற்கும் வண்டி ஒன்றுக்கு இரண்டாகும், அவ்வளவுதான்.

மொத்த வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. குடோனில் இறக்கும் ஆள் நாலு பேர்தான் என்றால், இரண்டு லாரிக்குப் பதில் மூன்று லாரி வரவழைப்பதால் மூட்டை சீக்கிரம் உள்ளே வராது. மூன்றாவது லாரிக்காரர் வாசலில் நின்று காத்திருப்புக் கூலி கேட்பார். ஆனால் இதே முதலாளிதான் கடையில் கூட்டம் என்றதும் இரண்டாவது கம்ப்யூட்டர் பில் மெஷினுக்கு விலை விசாரிக்கிறார். மெஷின் இரண்டு, எடுத்துக் கொடுக்கும் பையன் ஒருவன்.

பத்து மணி நேர வரிசை

இதே ஆர்லாண்டோ பூங்காவில் 2019 ஜூன் 13 அன்று 'ஹாக்ரிட்' என்ற கதாபாத்திரத்தின் பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர் திறந்தார்கள். ஹாரி பாட்டர் கதையில் வரும் ராட்சத உருவம் கொண்டவர். மோட்டார் சைக்கிளும் பக்கப் பெட்டியுமாக இருக்கைகள். வண்டிக்கு 14 பேர்தான்; ஆனால் வண்டிகள் 12. பிளாட்பாரத்தில் வண்டி நிற்பதே இல்லை. நகரும் பட்டையில் வண்டியோடு கூடவே நடந்து ஏற வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பினால் மணிக்கு 1,680 பேர். காகிதத்தில் பார்த்தால், 32 இருக்கை வைத்த வண்டியையும் தூக்கிச் சாப்பிடும் கணக்கு.

திறந்த அன்று அறிவிப்பில் காட்டிய காத்திருப்பு பத்து மணி நேரம்! உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அது செய்தியானது. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 1,680 பேர் ஏறிக்கொண்டிருந்தால், பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டுமானால் முன்னால் 16,800 பேர் நிற்க வேண்டும். ஒரே சவாரிக்கு அத்தனை பேர் நின்றார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டி தன் முழுக் கணக்குப்படி ஓடியிருக்காது என்பதே என் முடிவு. அடுத்து நடந்ததும் அதற்குப் பொருந்துகிறது. சில வாரங்களிலேயே, காலையில் பராமரிப்பு வேலை இருக்கிறது, நடுப்பகலில்தான் திறப்போம் என்று பூங்காவே அறிவித்தது. பன்னிரண்டு வண்டி, ஏழு இடங்களில் உந்தித் தள்ளும் இயந்திரம், பின்பக்கமாக ஓடும் பாதை, கீழே விழும் தண்டவாளம் என்று இத்தனை சேர்த்தால் எங்காவது ஒன்று நிற்கத்தான் செய்யும். ஒன்று நின்றால் மற்றவையும் நிற்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய எண், மெஷின்காரர் அட்டையில் அச்சிட்டுத் தரும் எண் அல்ல. மழை பெய்த நாளில், ஒரு ஆள் லீவு போட்ட நாளில், எத்தனை பேரை அனுப்பினோம் என்பது.

இடையில் விடுவதில் இரண்டு வகை

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

நால்வர் உட்காரும் இடத்தில் மூவர் கொண்ட குடும்பம் ஏறினால் ஒரு இருக்கை காலி. அதை நிரப்பப் பல பூங்காக்களில் தனி ஆள் வரிசை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்த இருக்கை காலியோ அதில் உட்கார்கிறேன், கூட வந்தவரோடு உட்கார வேண்டும் என்று கேட்க மாட்டேன் என்பவர்கள் அதில் நிற்கலாம். இவர்களை முன்னால் விடுவதால் பெரிய வரிசையில் நிற்கும் யாருக்கும் ஒரு விநாடிகூட நஷ்டமில்லை. எப்படியும் காலியாகப் போக இருந்த இருக்கை அது.

மற்றொன்று, காசு கொடுத்தால் முன்னால் விடுவது. இதன் சரித்திரம் சுவாரசியமானது. டிஸ்னி பூங்காக்களில் 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று தொடங்கினார்கள். இலவசம்தான். ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு குறித்த நேரத்தில் வந்தால் குட்டை வரிசையில் ஏறலாம். வரிசையில் நிற்பவன் ஒரு டீகூட வாங்க மாட்டான், அவனை வெளியே விட்டால் கடைகளில் செலவழிப்பான் என்ற வியாபார மூளையும் அதில் இருந்தது. அந்த மூளையை நாம் குறை சொல்ல முடியாது. 2021-ல் இலவசத்தை எடுத்துவிட்டுக் கட்டணம் வைத்தார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் ஒரு உயர்ந்த ரகச் சீட்டும் வந்தது. ஃப்ளோரிடாவில் அதன் தொடக்க விலை, பூங்காவையும் நாளையும் பொறுத்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. நுழைவுச்சீட்டு இதில் சேராது.

இதனால் ஒரு இருக்கையாவது கூடியதா? கூடவில்லை. மணிக்கு 1,280 இருக்கை என்பது 1,280 தான். அதில் நூற்றுக்கு அறுபதைச் சீட்டு வைத்தவர்களுக்கு ஒதுக்கினால் சும்மா நிற்பவர்களுக்கு மிஞ்சுவது 512. முன்னால் 640 பேர் நிற்கும் வரிசையில் அரை மணியில் வர வேண்டிய முறை ஒன்றேகால் மணியில் வரும். காத்திருப்பு எங்கேயும் போகவில்லை. ஒருவர் தோளிலிருந்து இறக்கி இன்னொருவர் தோளில் வைத்தார்கள். அதோடு, இருக்கையைக் கூட்டினால் இந்தச் சீட்டு விலைபோகாது. வரிசை நீளமாக இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. வரிசையைக் குறைக்க வேண்டியவருக்கே வரிசை வருமானமாகிவிட்டால் அவர் அதை எதற்குக் குறைப்பார்?

இப்போது நம் கடைக்கு வருவோம். பெரிய மாதச் சிட்டைக்குச் சாமான் எடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தீப்பெட்டிக்கு வந்த சிறுவனைக் கல்லாவில் இருப்பவரே கவனித்து அனுப்பிவிடுவது தனி ஆள் வரிசை. யாருக்கும் நஷ்டமில்லை, தாராளமாகச் செய்யலாம். ஆனால் கவுண்டரில் ஆறு பேர் நிற்க, வாட்ஸ்அப்பில் வந்த வீட்டு டெலிவரிச் சிட்டையை அதே பையன் எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது வகை. இன்று பல கடைகளில் இதைப் பார்க்கிறோம். ஆர்டர் பெரியது, வாடிக்கையாளர் வசதியானவர், தாமதமானால் போன் வரும் என்பதெல்லாம் சரிதான். நிற்பவர் போன் செய்வதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பையை மடித்துக்கொண்டு போகிறார். நிமிடக் கணக்கில் வாசலில் கொண்டுவந்து கொட்டும் பெரிய கம்பெனிகளோடு டெலிவரியில் நாம் எத்தனை நாள் போட்டி போட முடியும்? அவர்களிடம் இல்லாதது நம்மிடம் ஒன்று உண்டென்றால், காலாற நடந்து வந்து நம் முகத்தைப் பார்த்துச் சாமான் வாங்கும் இந்த மனிதர்தான். அவரை நிறுத்தி வைத்துத்தான் நாம் போன் ஆர்டரைக் கட்டுகிறோம்.

டெலிவரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி ஆள், அல்லது தனி நேரம் ஒதுக்குங்கள். பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வந்து சேரும் சிட்டைகள் இத்தனை மணிக்குள் வீட்டுக்கு வரும் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்து காத்திருப்பவருக்கும் தெரியாமல் காத்திருப்பவருக்கும் மனநிலை வேறு. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். பூங்காக்களில் பலகையில் நாற்பது நிமிடம் என்று போட்டு முப்பதில் ஏற்றிவிட்டால் ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள். நாம் "இதோ அஞ்சே நிமிஷம்மா" என்று சொல்லி இருபது நிமிடம் நிறுத்துகிறோம்.

அவசரத்துக்கு ஒரு எல்லை

வேகம் வேகம் என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது தவறாகிவிடும். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டர். 2015 ஜூன் 2 அன்று நான்கு வண்டிகள் இருந்த பாதையில் ஐந்தாவது வண்டி சேர்க்கப்பட்டது. ஆள் இல்லாமல் விட்ட வண்டி ஒன்று பாதையில் நடுவிலேயே நின்றுவிட்டது. மேலே சொன்ன சிக்னல் முறை தன் வேலையைச் சரியாகச் செய்து, பின்னால் வந்த வண்டியை நிறுத்தியது. ஐந்தாவது வண்டி இருப்பது தெரியாத ஊழியர்கள், சிக்னல்தான் தவறு என்று நினைத்து அதை மீறி வண்டியை அனுப்பினார்கள். 16 பேர் இருந்த வண்டி, நின்றிருந்த காலி வண்டியில் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்திய மெர்லின் நிறுவனத்துக்கு 2016 செப்டம்பரில் நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

பிளாட்பாரத்தில் குறைக்க வேண்டியது பை வைக்கும் நேரம், இடம் தேடும் நேரம். பிடிமானத்தை இழுத்துப் பார்க்கும் நேரத்தில் கை வைக்கக் கூடாது. கடையிலும் அப்படித்தான். எடையைச் சரிபார்ப்பது, மருந்து கலந்த பொருளையும் தின்பண்டத்தையும் ஒரே பையில் போடாமல் பார்ப்பது, காலாவதித் தேதியைப் பார்ப்பது, இவற்றுக்கு ஆகும் விநாடிகள் ஆகட்டும்.

நம்மில் பலருக்குக் கடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அதனால் பூங்காவுக்கும் ஞாயிறன்றே போகிறோம். ஊரே அன்றுதான் வருகிறது. சங்கத்தின் வருடாந்தரச் சுற்றுலாவை இந்த முறை செவ்வாய் அல்லது புதன்கிழமை வைத்தால் என்ன என்று நிர்வாகிகள் யோசிக்கலாம். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ப் பெரிய வண்டியில் முதலில் ஏறிவிடுவது நல்லது. வரிசையில் நிற்க நேர்ந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வண்டி கிளம்பி அடுத்தது கிளம்ப எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். இருக்கையை எண்ணுங்கள், முன்னால் நிற்பவர்களைத் தோராயமாக எண்ணுங்கள். உங்கள் முறை எப்போது வரும் என்று பலகையைவிடச் சரியாகச் சொல்லிவிடலாம். திரும்பி வந்த வாரம் சனிக்கிழமை ஆறு மணிக்கு, கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டு, கவுண்டருக்கு வெளியே வந்து அதே கடிகாரத்தோடு ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள்.